தெய்வநாயகிக்கு வந்த சீர்

நெடுநாளாக யாரும் தொடாத மிஷின் என்று சொல்லித்தான் செங்கோடனை வரவழைத்திருந்தார்கள். அவன் அதன் கதவைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தபோது உள்ளேயிருந்து ரசஞ்சோற்றின் வாசம் அடித்தது. பழைய சோற்றின் புளித்த வாடை இல்லை. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நெய்யில் கறிவேப்பிலை பொரித்துக் கொட்டி, சுடச்சுடச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் வருமே, அந்த வாசம். தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். பாத்திரம் அடுக்கும் கம்பித் தட்டுகள், மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டும் காலி. உட்சுவரின் தகட்டில் கையை வைத்துப் பார்த்தான். லேசாக வெதுவெதுப்பு இருந்தது. கரண்ட் ஒயரோ பிளக்கிலிருந்து உருவப்பட்டு மிஷினின் தலைமேல் சுருட்டி வைத்தபடி கிடந்தது.

சமையல்கட்டிலிருந்து வரும் வாசமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் மிஷினின் கதவைச் சாத்தினால் வாசம் நின்றது, திறந்தால் வந்தது. சாத்தியும் திறந்தும் சற்று நேரம் சோதித்துப் பார்த்தான். வேலைக்கு வந்தவனுக்கு இது வேண்டாத ஆராய்ச்சி என்று தோன்றவே, பையைப் பிரித்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

உண்மையைச் சொன்னால், பாத்திரம் கழுவுவதற்கு ஒரு மிஷின் உண்டு என்பதே அவனுக்கு அன்று காலையில்தான் தெரியும். நாமக்கல்லில் கண்ணுசாமியின் மோட்டார் கடையில் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவான், மாவரைக்கும் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றுவான், ஃபிரிட்ஜைக் கண்ணுசாமி பக்கத்தில் இருந்தால் தொடுவான். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷின் ஒன்று ஓடாமல் நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது, கண்ணுசாமிக்கு இடுப்புப் பிடிப்பு. செங்கோடனைத்தான் பார்த்தார்.

"மோட்டாரு இருக்குது, தண்ணி வருது, சூடாவுது. உனக்குத் தெரியாதது அதுல என்றா இருக்குது? கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் பொறந்த புள்ளைன்னு நெனச்சுக்கிட்டுப் போ" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இதை ஓட்டிப்போட்டு வந்தீன்னா ஃபிரிட்ஜு வேலை பூராவும் இனி உன்ற கையில. உன்ற மாமனாருகிட்ட நானே சொல்றேன்" என்றும் சேர்த்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் செங்கோடனை பஸ் ஏற்றியது. ஆவணியில் ராசிபுரத்துப் பக்கம் மயிலம்மாளுக்கும் அவனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. தொழில் கையில் நின்றால்தான் தையில் முகூர்த்தம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று மயிலம்மாள் ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேட்டி தடுக்கி விழப் போனதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் ஜெர்மனி மிஷின் என்ன, ஆகாய விமானத்தைக்கூடப் பிரித்துப் பார்த்திருப்பான்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மதியந்தான், ஆனால் அந்த அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அகத்தி மரங்களில் ஏறிய வெற்றிலைக் கொடிகள் நெருக்கமாக நின்று வெளிச்சத்தைத் தடுத்தன. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் ஓயவே இல்லை. அறையைச் சுற்றிலும் சாமான்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பீரோ. பாலிதீன் சுற்றிய மெத்தையோடு கட்டில். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த கண்ணாடி மேசை. அடுக்கடுக்காகச் சில்வர் பாத்திரங்கள், வெயில் பட்டே அறியாத புதுப் பளபளப்போடு. எல்லாவற்றிலும் மெல்லிய தூசி படிந்திருந்தது. மிஷினின் மேல் மட்டும் தூசி இல்லை. அதன் முன்னால் தரையைத் துடைத்துச் சின்னதாகக் கோலம் போட்டிருந்தது. அரிசிமாவு கரைத்துப் போட்ட கோலம், இன்னும் காயவில்லை. அதன் ஓரத்தைத் தான் மிதித்துவிட்டதை அப்போதுதான் பார்த்தான். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பரவால்லீங்க தம்பி. மிதிச்சா மிதிச்சுட்டுப் போவுது."

திடுக்கிட்டுத் திரும்பினான். வீட்டுக்கார அம்மாள் நல்லம்மாள் நிலைப்படியில் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு. ஆனால் நடந்து வரும் சத்தமே கேட்பதில்லை. வீட்டுக்காரர் வெற்றிலை மண்டிக்குப் போய்விட்டார், வரப் பொழுதாகும் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். வேறு யாரும் வீட்டில் இல்லை.

"சுச்சைப் போட்டா தண்ணி புடிக்குது, உர்ருனு சத்தம் வருதுங்க. அதோட சரி. கழுவ மாட்டீங்குது" என்றாள். "கலியாணச் சீரு ஓடாம நிக்கக் கூடாதுங்க தம்பி. எப்படியாவது ஓட்டிக் குடுத்துடுங்க."

யாருடைய கல்யாணம் என்று கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

வேலையில் இறங்கினான். மிஷினின் கீழ்த்தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். கண்டன்சர் போயிருக்கும் என்று முதலில் ஒரு முடிவுக்கு வந்தான். அவன் கண்ட எல்லா மோட்டாருக்கும் அதுதான் வியாதி. இரண்டு ஒயர் தொங்கும் பல்பை வைத்துச் சோதித்தான். பல்பு எரிந்தது. கண்டன்சர் நன்றாகத்தான் இருந்தது. பிறகு டைமரைப் பார்த்தான், தண்ணீர் வால்வைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. மிஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினால் எல்லாம் ஜெர்மன் எழுத்து. மஞ்சள் தலைமுடி வைத்த ஒருத்தி தட்டு அடுக்கிக்கொண்டு சிரிக்கும் படம் மட்டுந்தான் புரிந்தது.

கடைசியில் மிஷினின் அடிக்குழியில் இருந்த சல்லடையைத் திருகி எடுத்தான்.

சல்லடை நிறையச் சோறு. ஊறிக் கரைந்த பழைய பருக்கைகளின் மேல் அன்றைய பருக்கைகள், வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். ஒரு முருங்கைக்காய்த் துண்டு, மெல்லப்படாமல் முழுசாக. கையில் எடுத்துப் பார்த்தான். விரலுக்கு அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"ஏனுங்கம்மா" என்று கூப்பிட்டான். குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "இதுக்குள்ள சோறு கெடக்குதுங்க. யாராச்சும் வெச்சீங்களா?"

"நாந்தானுங்க வெச்சேன்." நல்லம்மாள் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். "எம்புள்ளைக்கு. இன்னிக்கும் காலைல வெச்சு, நீங்க வர்றீங்கன்னுதான் அவசரமா எடுத்தேன். சிந்திருச்சாட்ட இருக்குதுங்க."

அவளே சொன்னாள். ஒரே மகள், தெய்வநாயகி. நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, சீர் சாமான் எல்லாம் வந்து இறங்கிய பிறகு மஞ்சக்காமாலை வந்து போய்விட்டாள். இந்த மிஷின் ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் கப்பலில் அனுப்பியது. தங்கச்சி போகிற இடத்தில் எச்சில் பாத்திரத்தில் கை வைக்கக் கூடாது என்று ஆசையாக வாங்கியதாம். பாத்திரம் தேய்ப்பது என்றால் அவளுக்கு அவ்வளவு அழுகை வருமாம். இதை ஒரே ஒரு நாள் தொட்டுப் பார்த்தாள், அதற்குள் படுத்துவிட்டாள்.

"அவளுக்குன்னு வந்ததுல இதைத்தானுங்க அவ ஆசையாத் தொட்டா. அதுனால இதுலயே வெக்கறேன். தெனமும் வெக்கறேன். ஒரு பருக்கை கொறையறதில்லை. வெச்சது வெச்ச மாதிரியே எடுத்துக் காக்காய்க்குப் போடறேன்" என்றாள். அழவில்லை. கோபமாகச் சொன்னாள், சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல.

செங்கோடனுக்கு மூச்சு வந்தது. இது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவது அவன் வீட்டிலும் உண்டு. சின்ன வயதில் போன ஓர் அத்தைக்கு இன்றும் பெட்டியில் புதுப் பாவாடையும் வளையலும் வைத்து, பொங்கலுக்குப் பொங்கல் மாற்றுவார்கள். இந்த அம்மாள் பெட்டிக்குப் பதில் மிஷினில் வைக்கிறாள், அவ்வளவுதான். பாவமாக இருந்தது. சற்று முன்பு பயந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பயம் தெளிந்ததும் புத்தியும் வேலை செய்தது. சோறு இப்படி இறங்கினால் எங்கே போய் அடைக்கும்? பம்ப்பின் மூடியைக் கழற்றினான். எதிர்பார்த்தபடியே, தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில் சோறும் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து காரையாக இறுகியிருந்தன. மோட்டார் உறுமியது, சுற்ற முடியவில்லை. இவ்வளவுதான் வியாதி. சுரண்டி எடுத்து, எண்ணெய் விட்டு, விரலால் தட்டினான். சக்கரம் சுழன்றது. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் அந்த இருட்டு அறையே கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் வேலை, தை மாதம், மயிலம்மாள், எல்லாம் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றன.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். "எச்சப் பாத்திரம் ஏதாச்சும் இருந்தாக் குடுங்கம்மா. கழுவுதான்னு பாக்கோணும்."

"காலைல உண்ட வட்டல் எல்லாம் அப்பவே தேச்சு வெச்சுட்டேனே."

"கொஞ்சம் சோத்தைப் பூசிக் குடுத்தாலும் போதுமுங்க."

நல்லம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "பூசி வெச்சா எச்சலாவுமுங்களா? உண்டாத்தான் எச்சலு. மணி என்னாச்சு, நீங்களும் இன்னும் உண்ணுல. கையக் கழுவிட்டு வாங்க."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பசியும் இருந்தது. சமையல்கட்டில் பலகை போட்டு, பெரிய சில்வர் வட்டலில் பரிமாறினாள். முருங்கைக்காய்க் குழம்பு, ரசம், நெய், தயிர். தானும் ஒரு வட்டலில் கொஞ்சம் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"போன வருசம் இந்த மிஷினைப் பாக்கச் சேலத்துல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. மூணு புள்ளைக்குத் தகப்பன். பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிக்கல, போயிட்டாரு" என்றாள். பிறகு, "உங்களுது என்ன கூட்டமுங்க தம்பி?"

"பயிரன் கூட்டமுங்க."

"அப்படீங்களா. நாங்க ஆந்தை கூட்டம். குடுத்து வாங்கற சனந்தான்."

குலத்தைத்தான் அங்கே கூட்டம் என்பார்கள். அந்தப் பக்கத்தில் இதெல்லாம் சாதாரண விசாரணை. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, பேச்சு அத்தோடு முடிந்தது. வேறு கூட்டம் என்றால் சம்பந்தம் செய்யலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் மழையைப் பற்றிப் பேசுவார். செங்கோடன் ஒன்றும் நினைக்காமல் பதில் சொன்னான்.

"கலியாணம் காச்சி ஆச்சுங்களா?"

இதற்கும் அவன் ஒன்றும் நினைக்காமல் பதில் சொல்லியிருக்கலாம். பெண் பார்த்து, பாக்கு மாற்றி, தையில் முகூர்த்தம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து மனசு கொஞ்சம் சறுக்கியது. மெத்தை வீடு, வாய்க்கால் பாசனம், கொடிக்கால். இந்த அம்மாளுக்கு அண்ணன் மகள் தம்பி மகள் என்று யாராவது இருப்பார்கள், அதற்காகத்தான் கேட்கிறாள். தன்னையும் ஒருத்தி மாப்பிள்ளையாகப் பார்க்கிறாள் என்ற நினைப்பு அவனுக்கு நெய்ச்சோற்றைவிட ருசியாக இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறானா என்ன? சும்மா, அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லிக் குனிந்து சிரித்தான்.

சீர் சாமான் இருந்த அறையில், சாத்தியிருந்த மிஷினுக்குள், கம்பித் தட்டு லேசாக நகர்ந்த சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்தான்.

நல்லம்மாள் எழுந்து இன்னொரு கரண்டி சோறு போட்டு ரசம் ஊற்றினாள். அவனால் முடியவில்லை. பாதியில் கையை எடுத்தான்.

"மிச்சம் வெச்சுட்டீங்களா? அது போதுமுங்க" என்றாள்.

அவன் கைகழுவி வருவதற்குள் அவளே அவன் வட்டலையும் தன் வட்டலையும் மோர் டம்ளர்களையும் மிஷினில் வைத்துவிட்டிருந்தாள். அவனுடைய வட்டல் கீழ்த்தட்டின் நடுவில், படுக்கையாக, மிச்சச் சோறு சிந்தாமல். சோற்றை வழித்துப் போட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் பம்ப் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் கதவைத் தூக்கிச் சாத்திவிட்டாள். சரி, ஒரு தரம் ஓடட்டும், பிறகு சல்லடையைக் கழுவிக்கொள்ளலாம் என்று ஒயரைப் பிளக்கில் செருகிச் சுவிட்சைப் போட்டான்.

தண்ணீர் இறங்கியது. டைமர் டிக் டிக் என்று நகர்ந்தது. பிறகு பம்ப் சுழல ஆரம்பித்தது. உள்ளே தண்ணீர் நாலாபக்கமும் பீய்ச்சி அடிக்கும் சத்தம், ஓட்டின் மேல் பெய்யும் மழை மாதிரி, ஒரு சீராக. செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையால் ஓடிய முதல் பெரிய மிஷின். நல்லம்மாள் விளக்கேற்ற சாமியறைக்குப் போனாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வெற்றிலை இலைகளின் பச்சை வாடையும் ஈர மண்ணின் வாடையும் ஜன்னல் வழியாக வந்தன. அவற்றுக்கு நடுவே, கதவு இறுகச் சாத்தியிருந்த போதும், ரசத்தின் வாசம்.

மோட்டாரின் பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணுசாமி ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். வெளிச்சத்தம் எல்லாம் போய், உள்ளே நடப்பது மட்டும் கேட்கும். செங்கோடன் மண்டியிட்டு, கீழே மோட்டாரில் ஊன்றிக் கேட்டான். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. திருப்தியாக இருந்தது. அப்படியே நுனியை எடுத்துக் கதவின் தகட்டில் வைத்தான். தண்ணீர் எல்லா மூலைக்கும் போகிறதா என்று கேட்கலாம் என்று.

டைமர் டக்கென்று அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. பம்ப் நின்றது. பாத்திரம் ஊறுவதற்கான நேரம் என்று புரிந்துகொண்டான். உள்ளே தண்ணீர் சொட்டியது. நின்றது.

காதில் ஒரு சத்தம்.

சில்வர் தட்டில் விரல்கள் இழைகிற சத்தம். ஓரத்திலிருந்து நடுவுக்கு. நிதானமாக. சோற்றைக் கூட்டி, அணைத்து, எடுக்கிற சத்தம்.

கொஞ்சம் இடைவெளி.

மறுபடியும் விரல்கள்.

அவன் ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தான். அறையில் மழைச் சத்தம் மட்டும். மறுபடி வைத்தான். வைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது வேகமாக. பசித்தவள் சாப்பிடுவது போல. வளையல்கள் தட்டின் விளிம்பில் உரசின. விழுங்கும் சத்தம். மூச்சு விடும் சத்தம். பிறகு தட்டை வழித்து, விரல்களை ஒவ்வொன்றாக.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு கதவின் மறுபக்கம், அவன் ஸ்குரூ டிரைவர் ஊன்றியிருந்த அதே இடத்தில், யாரோ காதை வைத்தார்கள்.

கை தானாகப் போய்ச் சுவிட்சை அணைத்தது. கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். நினைத்துக்கொண்டே திறந்தான். ஆவி முகத்தில் அடித்து விலகியது. நல்லம்மாளின் வட்டலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. டம்ளர்களில் தண்ணீர் சொட்டியது. மேலே, பக்கவாட்டில், எங்கும் ஈரம். நடுவில் அவனுடைய வட்டல் மட்டும் உலர்ந்து இருந்தது. ஒரு துளி தண்ணீர் அதில் படவில்லை. சோறு ஒரு பருக்கை இல்லை. ரசத்தின் கறையில் நான்கு விரல் தடங்கள். விளிம்பில், கறிவேப்பிலைகளை மட்டும் பொறுக்கி ஒதுக்கிச் சின்னக் குவியலாக வைத்திருந்தது.

செங்கோடன் கறிவேப்பிலையை மென்று தின்கிறவன்.

"அவ கருவேப்பிலை திங்க மாட்டா."

நல்லம்மாள் பின்னால் நின்றிருந்தாள். அவன் தோளுக்கு மேலாக வட்டலைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"உண்டுட்டா. எஞ்சாமி, உண்டுட்டா. எத்தனை நாளா வெச்சேன், தொடலியே. இப்பத்தானுங்க எனக்குப் புத்தி வந்துச்சு. கலியாணப் பொண்ணு தனி வட்டல்ல எப்படி உண்ணுவா? புருசன் உண்ட வட்டல்லதானுங்களே மொதச் சோறு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் சீலையை இழுத்து விட்டுக்கொண்டாள். மரியாதைக்காக ஓரமாக விலகி நின்றாள். "எந்திரிங்க மாப்ள. ஏன் கீழ உக்காந்துருக்கறீங்க?"

மதியம் முழுவதும் தம்பி என்று கூப்பிட்ட வாய்.

"எனக்கு நிச்சயம் ஆயிருச்சுங்க" என்றான். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. "ஆவணியிலயே ஆயிருச்சுங்க. ராசிபுரத்துப் பக்கம். தையில கலியாணமுங்க. நான் சும்மா, சும்மா சொன்னனுங்க."

நல்லம்மாளின் முகம் சுருங்கியது. அவன்மேல் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவுது?" என்றாள் மெதுவாக. "நான் கேக்கறப்பச் சொல்லியிருக்கோணும். அவளும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தா."

அவன் எழுந்து ஓடினான். பை அங்கேயே கிடந்தது, செருப்பு வாசலில் கிடந்தது. கொடிக்கால் வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, நாமக்கல் பஸ்ஸில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "போயிட்டு வாங்க மாப்ள" என்று நல்லம்மாள் சொன்னதுதான் அது.

கடையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மிஷின் தங்கமாக ஓடுகிறது என்று வேலூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பையையும் செருப்பையும்கூடத் துடைத்துக் கொடுத்தனுப்பினார்கள். கண்ணுசாமி சொன்ன சொல் தவறாமல் ஃபிரிட்ஜ் வேலையை ஒப்படைத்தார், மாமனாரிடமும் பேசினார். செங்கோடன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் மயிலம்மாள் கிடைக்காமல் போய்விடுவாள் என்று பயந்தான். சாப்பிடும்போது மட்டும் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டான். வட்டலை விரலால் வழித்து, நக்கி, எழுந்த கையோடு தானே கழுவிக் கவிழ்த்து வைப்பான். கழுவி முடிக்கும்வரை அதன்மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். பஞ்சத்தில் அடிபட்டவன் என்று கடைப் பையன்கள் கேலி செய்தார்கள். கேலி செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

தை பிறந்தது. முகூர்த்தத்தில் தாலி கட்டினான். மயிலம்மாள் ஓரக்கண்ணால் பார்த்து, இந்தத் தரம் வாயைப் பொத்தாமல் சிரித்தாள். கொட்டு மேளமும் மல்லிகை வாசமும் புகையும் ஜனங்களின் இரைச்சலும் சுற்றி இருந்தன. வேலூர் வெகுதூரத்தில் இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று முதல் முறையாக நினைத்தான்.

பந்தியில் பாய் விரித்து இருவரையும் உட்கார வைத்தார்கள். ஒரே இலை. மாப்பிள்ளை முதலில் சாப்பிட, பெண் அந்த இலையிலேயே பிறகு சாப்பிட வேண்டும். செங்கோடனுக்கு இது தெரியாமல் இல்லை. இத்தனை நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் வேகமாகச் சாப்பிட்டான். இலையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துவிட்டான்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "என்னுங்க மாப்ள இது, புள்ளைக்கு ஒரு வாயி மிச்சம் வெக்க மாட்டீங்களா?" என்று மயிலம்மாளின் சின்னம்மா ஓடி வந்து ஒரு அகப்பை சோறு போட்டாள். நெய் ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று கையால் மறைத்தான். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு வாயி உண்டுட்டு உடுங்க" என்றார்கள். ஒரு வாய் உண்ண வைத்தார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கைகழுவத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அண்டாவிலிருந்து யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். கையை நீட்டினான். திரும்பிப் பார்த்தான்.

மயிலம்மாள் இலைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையை இலைக்கு நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

இலையில் சோறு அசைந்தது. விளிம்பிலிருந்து நடுவுக்கு. நான்கு கோடுகள்.

பந்தியில் யாரும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டும், சந்தனம் பூசிக்கொண்டும் இருந்தார்கள். செங்கோடனின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மயிலம்மாள் தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். முகத்தில் பயம் இல்லை. புது மருமகள் பெரியவர்கள் முன்னால் காட்டுகிற அடக்கம்தான் இருந்தது. முந்தானையை ஒதுக்கி, பாயில் பக்கத்தில் ஒருத்தி தாராளமாக உட்காரும்படி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மொதல்ல உண்ணுங்கக்கா. நான் அப்பறம் உண்டுக்கறேன்" என்றாள்.